‘எனக்குத் தண்ணி வேண்டாம் அன்ரி’

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் வசிக்கும் 38 வயதுத் தாய் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அவரும் பிள்ளைகளும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தில் இரண்டு சாதிகளின் பெயர்கள் இருந்தன. அவற்றையும் எடுத்துவிட்டேன். பெயர் தெரிந்தால் வாசிப்பவரின் கவனம் முழுக்க அங்கேதான் போகும்.

கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய மகள் தரம் 5இல் படிக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வகுப்புத் தோழி ஒருத்தி கிழமையில் மூன்று பின்னேரம் இவர்கள் வீட்டுக்கு வருவாள். இருவரும் விறாந்தையில் பாய் விரித்து, கடந்தகால வினாத்தாள்களைச் செய்வார்கள். நாலரை மணிக்கு மாமி தேத்தண்ணி கொண்டுவருவார். பேத்திக்கு எவர்சில்வர் பேணி. தோழிக்குக் கடதாசிக் கப். குடித்து முடித்ததும் அந்தக் கப்பை வேலியோரக் கிடங்கில் போட்டுவிட்டு வரும்படி அந்தப் பிள்ளையிடமே சொல்வார்.

இது இரண்டு மாதமாக நடந்தது. இவர் கண்டும் பேசவில்லை. ஒருநாள் கப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தார். மறுநாளே மாமி கடையில் வேறு பெட்டி வாங்குவித்தார். “ஏன் மாமி?” என்று மெல்லக் கேட்டதற்கு, “வாற பிள்ளையை நான் என்ன விரட்டினனானே? குடுத்தனான்தானே” என்று பதில் வந்தது. போன மாதம் ஒருநாள் அந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். இவர் மனம் கேளாமல் தானே ஒரு பேணியில் தண்ணீர் வார்த்துக்கொண்டு போய் நீட்டியிருக்கிறார். “எனக்குத் தண்ணி வேண்டாம் அன்ரி, நான் கொண்டந்திருக்கிறன்” என்று சொல்லி அவள் குனிந்து வினாத்தாளைப் பார்த்துக்கொண்டாள். அன்றிரவு மகள், “ஏன் அப்பம்மா அவளுக்கு மட்டும் எறியிற கப்பில குடுக்கிறவ?” என்று கேட்க, “அவளுக்குத் தடிமன், அதுதான்” என்று தாய் சொல்லியிருக்கிறார். மகள் நம்பவில்லை.

மாமி பொல்லாதவர் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். போர்க்காலத்து 1995 இடப்பெயர்வில் மாமியின் குடும்பத்துக்குத் தென்மராட்சியில் நாலு மாதம் இடம் கொடுத்தது அந்தப் பிள்ளையின் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம்தான். “அவை தங்கமான சனம்” என்று மாமி இன்றைக்கும் சொல்வாராம். கணவரோ, “அம்மாவுக்கு 74 வயசு, இனி மாத்தேலாது. அவையளும் ஒண்டும் நினைக்காயினம். ஊரில எல்லாரும் இப்பிடித்தான்” என்கிறார். மாமியை மாற்ற முடியுமா, இல்லை அவர் காலத்தோடு முடிந்துவிடும் என்று விடலாமா? மகளுக்கு என்ன சொல்வது? அந்தப் பிள்ளையின் தாயிடம் மன்னிப்புக் கேட்டால் இன்னும் நோகுமா? இது சட்டப்படி குற்றமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ‘சின்ன விஷயம்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் அல்ல என்று உங்கள் மனதுக்குத் தெரியும். ‘நான் கண்டும் பேசாமல் இருந்தேன்’ என்று ஒருவர் தன் கையால் எழுதுவது லேசான காரியம் அல்ல. அதற்காக முதலில் நன்றி.

நான் வளர்ந்த வீட்டின் கோடிப்புறத் தாழ்வாரத்தில் ஓர் அலுமினியப் பேணி கவிழ்த்துக் கொழுவியிருக்கும். விளிம்பில் ஒரு நெளிவு. வேலி அடைக்க வருகிறவர் அதைத் தானே எடுத்துக் கழுவி நீட்டுவார், அம்மா மேலிருந்து ஊற்றுவார். குடித்ததும் அவரே மறுபடி கழுவிக் கொழுவிவிட்டுப் போவார். நான் அதைப் பதினைந்து வயதுவரை தினமும் கண்டேன், ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் மகள் பத்து வயதில் கேட்டுவிட்டாள்.

என் வீட்டில் பேணியாக இருந்தது, அதற்கு முந்திய தலைமுறையில் சிரட்டை. 1960களில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் அது போத்தலாகவும் தனிப் பேணியாகவும் இருந்தது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் அதற்கு எதிராகப் போராட்டங்களே நடந்தன. இப்போது கடதாசிக் கப். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது, யாரையும் ஏசவில்லை. அதனால்தான் உங்கள் மாமியால் “விரட்டினனானே?” என்று கேட்க முடிகிறது. ஆனால் சிரட்டை செய்த அதே வேலையை அது செய்கிறது.

‘அவர் காலத்தோடு முடிந்துவிடும்’ என்ற உங்கள் நம்பிக்கையை நான் இந்த இடத்தில்தான் மறுக்கிறேன். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமை ஒழிப்பு ஊர்வலம் போனபோது உங்கள் மாமி பாடசாலைப் பிள்ளை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமை கேட்டு மக்கள் நின்றபோதும் அவர் பதின்ம வயதுப் பெண்தான். அந்தக் காலத்திலும் வீடுகளில், இந்தக் கிழடுகள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைய அப்பம்மாக்கள். வழக்கம் ஆளோடு சாவதில்லை. பக்கத்தில் இருந்து பார்க்கும் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். உங்கள் விறாந்தையில் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் மகள்.

தாமே ஒட்டிய பெயர்

மாமி வெறுப்பினால் இதைச் செய்யவில்லை என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ‘வெறுப்பு இல்லை, ஆகவே பாகுபாடு இல்லை’ என்று அடுத்த வரியில் போய்விட்டீர்கள். அது சரியில்லை. பாகுபாட்டுக்குக் கோபமும் வெறுப்பும் தேவையில்லை. கை கூசினாலே போதும்.

அந்தக் கூச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் போல் ரோசினும் அவருடைய சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. ஆட்களின் கண்முன்னே ஒரே பெட்டியிலிருந்த சீனியை இரண்டு போத்தல்களில் கொட்டினார்கள். ஒன்றில் ‘சீனி’ என்றும் மற்றதில் ‘சயனைட் நஞ்சு’ என்றும் அந்த ஆட்களையே லேபிள் ஒட்டச் சொன்னார்கள். பிறகு இரண்டிலிருந்தும் எடுத்துக் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது சீனி என்று தெரியும். லேபிளை ஒட்டியதும் தங்கள் கைதான். அப்படியிருந்தும் நஞ்சு என்று எழுதிய போத்தல் தண்ணீரைக் குடிக்கப் பலருக்கு மனம் வரவில்லை.

சாதித் தீட்டு என்பதும் ஒட்டப்பட்ட லேபிள்தான். ஆனால் ஐந்து வயதில் தாய்தகப்பன் பிடித்துக்கொடுத்து ஒட்டுவித்த லேபிள், எழுபது வருடம் வெயில் மழை பட்டு இறுகிப்போனது. அதனால் மாமியிடம் போய், எல்லாருக்கும் ஒரே இரத்தம்தானே, கிருமி ஒன்றும் ஒட்டாதே என்று விளக்கம் சொல்லிப் பயனில்லை. உள்ளே இருப்பது சீனி என்று அவருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கை நீண்டுவிடாது. சில தடவை குடித்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான் கூச்சம் குறையும். ஆகவே மாமியின் மனம் மாறட்டும், பிறகு பேணியை மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். பேணியை முதலில் மாற்றுங்கள். மனம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பிள்ளை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு விளங்காது என்பது பற்றி

‘சின்னப் பிள்ளைகள்தானே, மறந்துவிடுவார்கள்’ என்று ஒரு வரி எழுதி, பிறகு அதை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியது சரி. ஒரு கூட்டத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் எந்த வயதில் புரிந்துகொள்கிறார்கள் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். 6 வயதில் சிலருக்கே விளங்குகிறது, 10 வயதாகும்போது பெரும்பாலானோருக்கு விளங்கிவிடுகிறது. ஒதுக்கப்படும் சமூகத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னும் முந்தியே விளங்கிவிடுகிறது. “அவையளும் ஒண்டும் நினைக்காயினம்” என்று உங்கள் கணவர் சொன்னதற்கு அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான் பதில். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி, யாரோடும் சண்டை பிடிக்காமல், யாரையும் சங்கடப்படுத்தாமல், தோழியையும் இழக்காமல் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நோவு மனதோடு நின்றுவிடுவதும் இல்லை. கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் 6ஆம், 7ஆம் வகுப்புப் பையன்கள் 642 பேரைக் கூப்பிட்டு, தாளில் அச்சடித்த சிக்கல் பாதைகளில் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் காசு. பாதிப் பேர் உயர்த்தப்பட்ட சாதிகள், பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதிகள். யார் எந்தச் சாதி என்று வெளியில் சொல்லாதபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாகச் செய்தன. எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் செய்து முடித்த எண்ணிக்கை இறங்கிவிட்டது. அதே மூளை, அதே கை, அதே தாள்.

உங்கள் வீட்டில் நாலரை மணிக்கு அந்தக் கப் வருகிறது. அது சாதியை வாய்விட்டு வாசிப்பதற்குச் சமம். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஐந்தாம் கணக்கைச் செய்யக் குனிகிறாள். இரண்டு பேரும் ஒரே பரீட்சைக்குத்தான் படிக்கிறார்கள் என்பதை உங்கள் கணவருக்கு நினைவுபடுத்துங்கள்.

உங்கள் மகளுக்கும் இதில் சேதம் உண்டு. “தடிமன்” என்ற பொய் அவளுக்கு இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒன்று, இதைப் பற்றிப் பேசக்கூடாது. இன்னொன்று, அம்மாவுக்கும் இது சம்மதம். சாதியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசாமல் இருப்பதுதான் சாதி பார்க்காமல் வளர்ப்பது என்று நல்ல பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ‘வேற்றுமையைப் பார்க்காதே’ என்று சொல்லும் கதையைக் கேட்ட பிள்ளைகள், நிறத்துக்காக ஒரு பையன் தாக்கப்பட்ட சம்பவத்தைக்கூடப் பாகுபாடு என்று இனங்காணுவது குறைந்திருந்தது. பார்க்காதே என்று சொன்னால் பிள்ளை அநியாயத்தையும் பார்க்காமல் விட்டுவிடுகிறது.

ஆகவே மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்: “அண்டைக்கு நான் உனக்குப் பொய் சொன்னனான். அவளுக்குத் தடிமன் இல்லை. எங்கட ஊரில ஆக்களை மேல, கீழ எண்டு பிரிச்சு வச்சிருந்தவை. அப்பம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க அவவுக்கு அப்பிடிப் பழக்கிப்போட்டினம். அது பிழை. நானும் பேசாம இருந்தது பிழை. இனி எங்கட வீட்டில அப்பிடி நடக்காது.” இவ்வளவு போதும். அப்பம்மாவை வெறுக்க வைக்க வேண்டாம். அப்பம்மா செய்தது பிழை, அப்பம்மாவில் அன்பும் இருக்கலாம் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பத்து வயதுப் பிள்ளையால் முடியும். தோழியிடம் இதைப் பற்றி விசாரிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

‘ஊரில எல்லாரும் இப்பிடித்தான்’

உங்கள் கணவரின் இந்த வார்த்தைதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது. அது உண்மையா என்று அவர் எப்போதாவது யாரிடமாவது கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். நாங்கள் யாரும் கேட்பதில்லை.

1968இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்தாய்வை ஹியூபர்ட் ஓகோர்மன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1975இல் எழுதினார். கறுப்பினத்தவரை முற்றாக விலக்கி வைக்க வேண்டும் என்று விரும்பிய வெள்ளையர் சிறுபான்மைதான். ஆனால் தங்கள் பகுதி வெள்ளையரில் பெரும்பாலானோர் அதை விரும்புகிறார்கள் என்று நம்பியவர்கள் அதைவிட எவ்வளவோ அதிகம். தான் மட்டும்தான் வேறு மாதிரி நினைப்பதாக ஒவ்வொருவரும் எண்ணி வாயை மூடிக்கொள்ள, அந்த மௌனத்தையே மற்றவர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். கடைசியில் பெரும்பாலானோர் விரும்பாத ஒரு வழக்கத்தை எல்லாருமாகக் காவல் காக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததை ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பேசவில்லை. மகளுக்குப் பிடிக்கவில்லை. கணவருக்கும் அதில் பெரிய பற்று இருப்பதாகத் தெரியவில்லை, அம்மாவுக்கு நோகக்கூடாது என்கிறார், அவ்வளவுதான். நாலு பேரில் மூன்று பேருக்கு அந்தக் கப் வேண்டாம். ஆனால் மாமி காண்பது என்ன? நீங்கள் மெல்லக் கேட்ட ஒரு ‘ஏன் மாமி?’ தவிர, இரண்டு மாதமாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி மேல்தட்டுக்குப் போனது, புதுப் பெட்டி வந்தபோதும் அந்த ஒரு கேள்விக்கு மேல் ஒருவரும் போகவில்லை. தான் செய்வதுதான் இந்த வீட்டின் முறை என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் ஒரு வார்த்தைக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கூடிய நிறை இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொன்று. ‘வந்து போய்ப் பழகினால் தானாகச் சரிவரும் என்று நினைத்தேன்’ என்கிறீர்கள். பழக்கம் உதவும் என்பது உண்மை. 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006இல் இரண்டு உளவியலாளர்கள் எழுதிய முடிவும் அதுதான். ஆனால் 1954இலேயே கோர்டன் ஆல்போர்ட் என்பவர், எந்தப் பழக்கம் உதவும் என்பதற்கு நாலு நிபந்தனை சொல்லியிருந்தார். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரே நோக்கம் வேண்டும். கூடிச் செய்ய வேண்டும். பொறுப்பில் உள்ளவர்கள் அதை ஆதரிப்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். உங்கள் விறாந்தையில், ஒரே பாயில் ஒரே வினாத்தாளோடு இருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளிடம் முதல் மூன்றும் இருக்கின்றன. நாலாவதுதான் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும். அது இல்லாதபோது நாலரை மணிக்கு முதலாவதும் உடைந்துபோகிறது.

மாமியோடு

முதலில் கணவரோடு பேசுங்கள். மாமியோடு நீங்கள் தனியாக மோதினால் அது மாமியார் மருமகள் சண்டையாக மாறி, பிள்ளையின் விஷயம் காணாமல் போய்விடும். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அம்மாவைத் திருத்தச் சொல்லவில்லை, நான் பேணியை மாற்றும்போது என் பக்கம் நில்லுங்கள்.

அப்புறம், தேத்தண்ணி வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். “நாலரைத் தேத்தண்ணியை இனி நான் போடுறன் மாமி. ரெண்டு பேருக்கும் ஒரே பேணியிலதான் குடுப்பன்.” குரல் உயர்த்த வேண்டாம், காரணமும் நீட்டி விளக்க வேண்டாம். பிள்ளைகள் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். கப் பெட்டியை இந்தத் தடவை ஒளிக்காமல், அவர் பார்க்கவே எடுத்துவிடுங்கள்.

பிறகு வேறொரு நாள், மாமி ஆறுதலாக இருக்கும் நேரத்தில், தென்மராட்சியைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கண்ட ஒரே கதவு அதுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. மழை, சனநெரிசல், செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம்வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். என் தகப்பன் கைதடியில் யாரோ ஒருவருடைய வளவில் கிணற்று வாளியோடு வாய்வைத்துக் குடித்ததை நான் கண்ணால் கண்டேன். கோடிப்புறப் பேணியின் சொந்தக்காரர் அவர். ஆனால் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் அந்தப் பேணி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவசரத்தில் எல்லாரும் ஒன்றாகிறோம். அவசரம் தீர்ந்த பிறகு அதை வீட்டு முறையாக்க ஒருவர் வாய் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவரும் திறக்கவில்லை.

“அவை தங்கமான சனம்” என்று மாமி சொல்வது உண்மையான நன்றி. ஆனால் அந்த ஒரு குடும்பத்தை மட்டும் விதிவிலக்காகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற எல்லாரைப் பற்றியும் பழைய எண்ணத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். மனிதர் எல்லாரும் செய்கிற வேலை இது. எங்கள் கணக்குக்குப் பொருந்தாத நல்ல மனிதரைக் கண்டால் கணக்கை மாற்றுவதில்லை, அந்த மனிதரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறோம். அதை அவிழ்க்க விவாதம் உதவாது. கேள்வி உதவும். “அந்த வீட்டில ஆர் மாமி சமைச்சது? எதில தேத்தண்ணி தந்தவை? உங்களுக்கு வெக்கமா இருந்ததோ, அந்நிய வீட்டில இருக்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முழுவதையும் சொல்ல விடுங்கள், குறுக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசியில் மட்டும், “இந்தப் பிள்ளையும் இப்ப எங்கட வீட்டில அப்பிடித்தானே மாமி இருக்குது” என்று சொல்லலாம். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மயாமி நகரத்தில் வீடு வீடாகப் போனவர்கள், நீங்கள் ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டு, ஏசாமல் பத்து நிமிடம் அளவில் பேசினார்கள். திருநர்கள் பற்றிய ஒவ்வாமை அந்தப் பேச்சினால் குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. வயதானவர் மாறமாட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தப் பத்து நிமிடத்தை ஒருதரம் கொடுத்துப் பாருங்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. மாமி சாப்பிடாமல் இருப்பார், மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று பையைக் கட்டுவார், ஊரில் நாலு பேரிடம் சொல்லி அழுவார். சில நாள் கனமாகத்தான் இருக்கும். அதைத் தாங்கலாம். ஆனால் உங்கள் மேல் கை ஓங்கும் நிலை, வீட்டை விட்டுப் போ என்று சொல்லும் நிலை வந்தால் தனியாகத் தாங்க வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள்.

சட்டம்

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க, சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1971இல் அது கடுமையாக்கப்பட்டது. பாடசாலை, கடை, உணவகம், பொதுக்கிணறு, வழிபாட்டிடம் போன்ற பொதுவான இடங்களைப் பற்றியது அது. உங்கள் குசினிக்குள் எந்தப் பேணியில் தேத்தண்ணி கொடுப்பது என்பது அதற்குள் வராது. சட்டம் வராத இடம் என்பதால் அங்கே பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில்தான் இருக்கிறது.

ஆனால் இதே மாதிரி ஒன்று அரச பாடசாலையில் நடந்தால் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை சாதி காரணமான பாகுபாட்டைத் தடுக்கிறது. அரசு சார்ந்தவர்கள் அதை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். காலம் குறுகியது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, அங்கே முறையிடலாம். அந்தப் பிள்ளையின் தாய்க்கு எப்போதாவது இது தேவைப்பட்டால், நீங்கள் சாட்சியாக நிற்க முடியுமா என்பதையும் யோசித்து வையுங்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மா

மன்னிப்புக் கேட்டால் நோகுமா என்று கேட்டீர்கள். நோகும். கேட்காமல் விட்டாலும் நோகத்தான் போகிறது. அப்போது அந்த நோவை அவர் தனியாக வைத்திருக்க வேண்டிவரும். ஆகவே போங்கள். ஆனால் பேணி மாறிய பிறகு போங்கள். ஒன்றும் மாறாமல் போய்க் கேட்கும் மன்னிப்பு உங்கள் மனப்பாரத்தை இறக்கும், அவருக்கு ஒன்றும் தராது.

பலகாரப் பொட்டலத்தோடு போக வேண்டாம். “மாமிதான், வயசு போனவ” என்று தொடங்க வேண்டாம். உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: “எங்கட வீட்டில உங்கட பிள்ளைக்கு வேற கப்பில குடுத்தது. நான் கண்டனான், ரெண்டு மாதம் பேசேல்ல. அது என்ர பிழை. இப்ப அதை நிப்பாட்டிப் போட்டன்.” அவர் கோபப்படலாம். கேட்டுக்கொள்ளுங்கள். “அதெல்லாம் பரவாயில்லை” என்று சிரித்துவிடவும் கூடும். நோகவில்லை என்று அதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். இப்படி எத்தனையோ வீடுகளில் சிரித்துப் பழகியிருப்பார். இனி என் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றால் அது அவருடைய முடிவு, வற்புறுத்தக்கூடாது. அவர் விரும்பிக் கூப்பிட்டால் உங்கள் மகள் அவர்கள் வீட்டில் போய்ப் படிக்கட்டும், அங்கே கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்கட்டும். அவர் உள்ளே கூப்பிட்டு உங்களுக்கும் தந்தால் இருந்து குடித்துவிட்டு வாருங்கள். நேரமில்லை, இப்போதுதான் குடித்தேன் என்று தட்டிக்கழிக்காதீர்கள். அந்தச் சாட்டு எங்கே பயன்படுவது என்று அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளை திரும்ப வந்தால், அந்தப் போத்தலைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். ஏன் இன்னும் கொண்டுவாறாய் என்றோ, இனித் தேவையில்லை என்றோ சொல்ல வேண்டாம். அவள் பல மாதம் கொண்டுவரலாம், பரீட்சை முடியும்வரையும் கொண்டுவரலாம். இரண்டு பேணியில் தேத்தண்ணியை வார்த்து, பாயில் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, நின்று பார்க்காமல் நீங்கள் குசினிக்குப் போய்விடுங்கள்.